குப்பைக்குக் குலம் உண்டோ?

ஜப்பானியரைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் நாவில் ஒரு வாசகம் தவறாமல் வந்து நிற்கிறது. “அவர்கள் பிறவியிலேயே துப்புரவானவர்கள், அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது, நமக்கெல்லாம் அது வராது!” தேநீர்க் கடையில் கேட்கிறோம், ஆசிரியர் அறையில் கேட்கிறோம், பட்டம் பெற்றோர் வாயிலும் கேட்கிறோம், பள்ளிப் படி மிதியாதோர் வாயிலும் கேட்கிறோம். புகழ்மொழி போல் ஒலிக்கும் இந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிடாமல் சற்றே உரசிப் பார்ப்பது நம் கடன். தூய்மை ஒரு கூட்டத்தாரின் பிறவிச் சொத்து என்று ஒப்புக்கொண்டால், அழுக்கு மற்றொரு கூட்டத்தாரின் பிறவிக் குற்றம் என்பதையும் ஒப்புக்கொண்டே தீரவேண்டும். ஒன்றுக்குத் தலையசைத்துவிட்டு மற்றொன்றுக்குக் கைவிரிக்க முடியாது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேர் எதுவென்பதை, ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகப் பிளந்து கிடக்கும் மண்ணில் பிறந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, பெருமூச்சை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு வரலாற்றைக் கேட்போம்.

ஜப்பான் நாட்டின் நான்கு பெருந்தீவுகளில் சிறியது ஷிகோக்கு. அத்தீவில், டோகுஷிமா மாகாணத்து மலைமடியில், கமிகட்சு என்றோர் ஊர். 1,500 பேருக்கும் குறைவானோர் வாழும் சிற்றூர். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டிய முதியோர். அந்த ஊரில் வீடுதோறும் வந்து நிற்கும் குப்பை வண்டி கிடையாது. அவரவர் வீட்டுக் கழிவை அவரவரே சுமந்து வந்து, நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகத் தம் கையாலேயே பிரித்து வைக்கிறார்கள். அப்படிப் பிரித்ததனால், சேரும் கழிவில் நூற்றுக்கு 80 பங்கு மீண்டும் பொருளாகிறது. ஜப்பான் முழுமைக்கும் கணக்கெடுத்தாலோ நூற்றுக்கு 20 பங்குதான் தேறுகிறது.

“பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே!” என்று பிறவிப் பெருமை பேசுவோர் இங்கே துள்ளுவர். துள்ளட்டும். நாடு முழுவதும் ஓடுவது ஒரே ஜப்பானிய இரத்தமானால், கமிகட்சுவில் 80 என்றும் பிற ஊர்களில் 20 என்றும் அந்த இரத்தம் கணக்குப் பார்த்தா ஓடிற்று? விடை இரத்தத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிச் சற்றுப் பின்னோக்கி நடப்போம்.

இன்றைய டோக்கியோவுக்குப் பழைய பெயர் எடோ. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பத்து லட்சம் மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். அக்காலத்து எடோவில் வீணென்று எறியப்பட்ட பொருள் மிகக் குறைவு. மனிதக் கழிவை உழவர்கள் காசு கொடுத்தும் காய்கறி கொடுத்தும் எருவுக்கு வாங்கிச் சென்றனர். அடுப்புச் சாம்பலை வாங்க ஒருவன் வருவான். மெழுகுத்திரி உருகி வழிந்த சிதறலை வாங்க ஒருவன். கிழிந்த குடையின் கம்புகளை வாங்க ஒருவன். பழந்துணிக்குத் தனிக் கடைத்தெருவே இருந்தது. எஞ்சியதை ஆற்றிலும் வாய்க்காலிலும் கொட்டாமல் எய்த்தாய் தீவில் கொண்டுபோய்க் கொட்டுமாறு 1655ஆம் ஆண்டிலேயே அரசு ஆணையிட்டது.

பழமை விரும்பிகள் இந்தப் படத்தைப் பார்த்துப் பரவசமடைவது வழக்கம். “ஆகா, அந்தக் காலம்!” என்பார்கள். அந்தக் காலத்தில் தெருவில் குனிந்து கந்தல் காகிதம் பொறுக்கியவன் யார் என்று மட்டும் கேட்கமாட்டார்கள். நாம் கேட்போம். அவனுக்கு ‘ஹினின்’ என்று பெயர். ‘மனிதனல்லாதவன்’ என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள்! செத்த மாட்டை அறுத்தவர்க்கும் தோல் பதனிட்டவர்க்கும் ‘எட்டா’ என்று பெயர். அச்சொல்லை எழுதிய எழுத்துகளுக்கு ‘அழுக்கு மிகுந்தது’ என்று பொருள். குடியிருப்பு தனி, மணவுறவு தனி, பிறப்பால் வந்த இழிவு, இறப்பிலும் நீங்காத இழிவு. கடல்கடந்த நாட்டின் கதையா இது, நம் ஊர்க் கதையா என்று ஐயுறத் தோன்றுகிறதல்லவா? தூய்மையை ஒருவனுக்கும் அழுக்கை ஒருவனுக்கும் எழுதி வைத்த ஏடு எல்லா நாட்டிலும் ஒரே கையெழுத்தில்தான் இருக்கிறது.

1871இல் ஜப்பானிய அரசு அந்தப் பெயர்களைச் சட்டத்தால் ஒழித்தது. காகிதத்தில் ஒழிந்தது மனத்தில் ஒழியவில்லை. எனவேதான் 1922ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் கியோத்தோ நகரில் அம்மக்கள் தாமே திரண்டு ஒரு கழகம் கண்டனர். ‘சுயிஹெய்ஷா’ என்பது அதன் பெயர். நீர்மட்டம்போல் ஏற்றத்தாழ்வற்றோர் கழகம் என்று தமிழில் சொல்லலாம். நம் நாட்டில் சுயமரியாதை இயக்கம் பிறந்த 1925க்கு மூன்றாண்டுகள் முன்னால்! ஒருவரையொருவர் அறியாத இரண்டு மண்ணில், ஒரே நோவுக்கு ஏறத்தாழ ஒரே காலத்தில் குரல் எழுந்தது.

இடையில் 1900ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வந்திருந்தது. காலராவும் பிளேக்கும் மக்களை வாரிக்கொண்டு போவதைக் கண்ட அரசு, குப்பை அள்ளுவதை நகரங்களின் பொறுப்பாக்கியது. நல்ல சட்டந்தான், உயிர்களைக் காத்த சட்டம். ஆயினும் அதன் நிழலில் ஒரு பழக்கமும் வளர்ந்தது. வாசலில் வைத்தால் போதும், வண்டி வரும், எடுத்துப் போகும். எங்கே போகிறது என்ற கேள்வி வேண்டாம் என்ற பழக்கம்! கண்ணில் படாதது கருத்திலும் படாமற் போயிற்று.

எங்கே போயிற்று? டோக்கியோ விரிகுடாவில் மண்ணிட்டு மேடாக்கிய ஒரு தீவுக்குப் போயிற்று. அதன் பெயர் ‘யுமெனோஷிமா’. பொருள் என்ன தெரியுமா? கனவுத் தீவு! 1965ஆம் ஆண்டுக் கோடையில் அந்தக் கனவுத் தீவிலிருந்து ஈக்கள் படையெடுத்தன. பக்கத்திலிருந்த கோட்டோ வட்டாரத்து வீடுகளில் சோற்றுக் கிண்ணத்தை மூடி வைத்துக்கொண்டுதான் உண்ண முடியும் என்ற நிலை. கடைசியில் குப்பை மேட்டின்மீது எண்ணெய் ஊற்றித் தீயிட்டுத்தான் ஈக்களை அடக்கினர். இரத்தத்தில் ஊறிய தூய்மை அன்று எங்கே ஒளிந்திருந்ததோ!

கோட்டோ, தொழிற்சாலைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும் நிறைந்த தாழ்நிலம். நகரத்தின் மேற்கே இருந்த சுகினாமி, வசதியுள்ளோர் வாழும் வட்டாரம். எல்லா வட்டாரத்துக் குப்பையும் கோட்டோவின் தெருக்கள் வழியாகத்தான் சென்றது. நாற்றமும் ஈயும் கோட்டோவுக்கு. “உங்கள் குப்பையை எரிக்க உங்கள் வட்டாரத்திலேயே ஓர் எரியுலை கட்டிக்கொள்ளுங்கள்” என்றால், சுகினாமியில் எதிர்ப்பு! எம் வீட்டருகே வேண்டாம் என்றனர். அப்படியானால் யார் வீட்டருகே? 1971ஆம் ஆண்டு செப்டம்பரில் டோக்கியோவின் ஆளுநர் மினோபே ரியோகிச்சி, இதைக் ‘குப்பைப் போர்’ என்றே நகர மன்றத்தில் அறிவித்தார். 1973இல் கோட்டோ வட்டாரத்தார் தெருவை மறித்து நின்று, சுகினாமியின் குப்பை லாரிகளைத் திருப்பி அனுப்பினர். அதன்பின் பேச்சு, உடன்பாடு. சுகினாமியின் எரியுலை எழுந்தது 1982இல். ஒன்பது ஆண்டு ஆயிற்று என்பதை நினைவில் கொள்க. தன் அழுக்குக்குத் தானே இடம் கொடுப்பது என்பது செல்வர்க்கு அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது.

அந்தப் போர் நடந்த காலத்திலேயே, பசிபிக் கடலோரத்து நுமாசு நகரம் வேறு வழி தேடிற்று. 1975ஆம் ஆண்டிலிருந்து வீட்டிலேயே எரிவது, புதைப்பது, மீண்டும் பொருளாவது என்று மூவகையாகப் பிரிக்கச் செய்தது. பின்னர் பல ஊர்கள் அதைப் பின்பற்றின. பாதரச நஞ்சால் சிதைந்த மினமாட்டா நகரமும் 1993இல் கழிவைப் பல வகையாகப் பிரிக்கத் தொடங்கிற்று. நஞ்சு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கேள்வியை அந்த ஊரைவிட விலை கொடுத்துக் கற்ற ஊர் உலகில் அதிகம் இல்லை.

இனிக் கமிகட்சுவுக்கு வருவோம்.

1955ஆம் ஆண்டில் இரண்டு மலைக் கிராமங்களை இணைத்து உண்டாக்கிய ஊர் அது. அன்று மக்கள்தொகை ஆறாயிரத்துக்கு மேல். மரம் வெட்டிப் பிழைத்தார்கள். ஆரஞ்சு போன்ற மிக்கான் பழம் பயிரிட்டுப் பிழைத்தார்கள். வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியது; மரத்தொழில் சாய்ந்தது. 1981ஆம் ஆண்டில் விழுந்த கடுங்குளிரில் மிக்கான் தோட்டங்கள் பட்டுப்போயின. இளைஞர்கள் நகரங்களை நோக்கி இறங்கினர், முதியோர் தங்கினர். 1986இல் தொடங்கி, உணவு விடுதிகளில் தட்டை அழகு செய்யும் இலைகளையும் பூக்களையும் பறித்து அனுப்பும் தொழிலில் பாட்டிமார் ஈடுபட்டுப் பேர் பெற்றது ஒரு சுவையான கதை. ஆனால் அது வேறு கதை; இங்கே விரித்தால் கட்டுரை தடம் மாறிவிடும்.

அந்த ஊர் தன் குப்பையை என்ன செய்துகொண்டிருந்தது? ஹிபிகதானி என்ற பள்ளத்தாக்கில் கொட்டித் திறந்த வெளியில் எரித்துக்கொண்டிருந்தது! ஆம், உலகம் வியக்கும் அதே கமிகட்சுதான். 1990களிலும் அதுவே நிலை. மலைப்பாதை குறுகல், வீடுகள் ஐம்பத்தைந்து சிற்றூர்களாகச் சிதறிக் கிடந்தன, வண்டி வைத்து அள்ளக் கட்டுப்படியாகாது. எனவே மக்களே கொண்டுவந்து கொட்டினர். பழைய மெத்தையும் பிளாஸ்டிக்கும் மீன்முள்ளும் ஒன்றாகக் கிடந்து புகைந்தன. இந்தக் காட்சியை நாம் எதற்காக இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? இன்று நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கும் அதே கைகள்தாம் அன்று அனைத்தையும் ஒரே பள்ளத்தில் எறிந்தன. இரத்தம் மாறவில்லை, குலம் மாறவில்லை, நிலம்கூட மாறவில்லை, இன்றும் பிரிக்கும் இடம் அதே ஹிபிகதானிதான்.

மாறியது என்ன? முதலில், ஊராட்சியினர் குப்பையைக் கிளறிப் பார்த்தனர். பெரும்பங்கு சமையலறைக் கழிவு என்று கண்டனர். காய்த்தோலும் சோற்றுப் பருக்கையும் நீர் ஊறியவை, எரிய மறுப்பவை, அவற்றை எரிப்பதென்பது தண்ணீரைக் கொளுத்துவதற்கு ஒப்பு. மண்ணில் விட்டாலோ எருவாகும். 1991இலிருந்து எருத்தொட்டி வாங்குவோர்க்கும், 1995இலிருந்து கழிவை எருவாக்கும் மின்பொறி வாங்குவோர்க்கும் ஊராட்சி பணம் உதவிற்று. சமையற்கழிவு வீட்டை விட்டு வெளியே வருவது அறவே நின்றது. குப்பையின் பளுவும் போயிற்று, நாற்றமும் போயிற்று, எஞ்சியதைக் கையில் எடுக்கும் அருவருப்பும் போயிற்று. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் இதுவே அடிப்படை என்பது நம் துணிபு. ஈரமும் உலர்ந்ததும் கலந்து கிடந்தால், அதைப் பிரிக்க எவன் கை நீட்டுவான்? பசி ஒன்றே துரத்தக் கை நீட்டுபவன்தான் நீட்டுவான்.

பொட்டலம் கட்டும் பொருள்களை மீட்கும் சட்டம் நாடெங்கும் 1997இல் நடைமுறைக்கு வந்தது. கமிகட்சு அவ்வாண்டு 9 வகையாகப் பிரித்தது. 1998இல் இரண்டு சிறிய எரியுலைகளையும் கட்டியது. கட்டிய சூடு ஆறுவதற்குள் இடி விழுந்தது. பிளாஸ்டிக் முதலியவை அரைகுறையாக எரியும்போது பிறக்கும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கட்டுப்படுத்த 1999இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2000ஆம் ஆண்டில் செயலுக்கு வந்தது. கமிகட்சுவின் சிறு உலைகள் அந்த அளவுகோலுக்குத் தேறவில்லை. 2000ஆம் ஆண்டு முடிவோடு மூடப்பட்டன. புதிய பேருலை கட்டப் பணம் இல்லை. குப்பையை வெளியூர் உலைகளுக்கு அனுப்பினால் எடைக்குத் தக்கபடி கூலி கொடுக்க வேண்டும். முதியோர் மிகுந்த ஏழை ஊர் எத்தனை காலம் கொடுக்கும்?

இங்கேதான் அறிவு வேலை செய்தது. ஊராட்சி ஊழியர்கள், எந்தக் கழிவை எவன் வாங்குவான் என்று ஊர் ஊராக விசாரித்தார்கள். பழுப்புக் கண்ணாடி தனியாக வந்தால் எடுப்பேன் என்றான் ஒருவன். உட்புறம் வெள்ளிப் பூச்சில்லாத பால் பெட்டி மட்டும் வேண்டும் என்றான் இன்னொருவன். அலுமினியம் வேறு, இரும்பு வேறு. செய்தித்தாள் வேறு, அட்டை வேறு. புட்டி வேறு, அதன் மூடி வேறு. வாங்குவோர் கேட்டபடி வகைகள் பெருகின. 2001இல் 35 வகை. பின்னாளில், 2016இல், 45 வகை. எந்த முனிவனும் தவத்தில் கண்ட எண் அன்று அது. எந்த மறையிலும் எழுதப்பட்ட எண்ணும் அன்று. சந்தையில் விசாரித்துப் பெற்ற எண்!

மக்கள் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்களா? 35 வகை என்றால் எவர்க்குத்தான் மலைப்பு இராது! ஊழியர்கள் ஊர்க்கூட்டங்கள் கூட்டினர், விளக்கினர், மறுபடி விளக்கினர். நிலையத்தில் நின்று, தடுமாறிய முதியோர்க்குக் கைகொடுத்தனர். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு பலகை மாட்டினர். இதில் போடுவது எங்கே போகிறது, என்ன பொருளாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா, செலவா, எடைக்கு எவ்வளவு என்று அதில் எழுதினர். செய்தித்தாளுக்கு வரவு, பழைய கண்ணாடிக்குச் செலவு. “செய்” என்று மட்டும் சொல்லாமல், “ஏன் செய்கிறாய் என்றால் இதனால்” என்று கணக்கைக் கண்முன் விரித்து வைத்தார்கள். நாம் கமிகட்சுவைப் பற்றிப் படித்ததில் நம் நெஞ்சைத் தொட்டது இந்தப் பலகைதான். “ஏன்?” என்று கேட்ட பிள்ளையை “அதிகப் பிரசங்கி” என்று அடக்கும் வீடுகளையும் வகுப்பறைகளையும் கண்டவர்க்கு, ஒரு குப்பைப் பெட்டிகூட ஏனென்பதற்கு விடை சொல்லி நிற்பது எத்தகைய செய்தி!

நிலையம் காலை 7.30 முதல் பிற்பகல் 2 மணி வரை, புத்தாண்டு விடுமுறை தவிர எல்லா நாளும் திறந்திருந்தது. கார் ஓட்டமுடியாத முதியோர் வீடுகளுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊராட்சியே சென்று எடுத்து வந்தது. 2006இல் ‘குருகுரு’ என்ற கடை ஒன்றை அங்கேயே திறந்தனர். தமக்கு வேண்டாத நல்ல பொருளை ஊரார் வைத்துச் செல்லலாம். வேண்டியவர் எவரும் விலையின்றி எடுத்துச் செல்லலாம். எடுத்த எடையைக் குறித்துவைத்தால் போதும். பழைய கிமோனோ உடைகளையும், ஆண்பிள்ளைகள் விழாவில் பறக்கவிடும் மீன்வடிவத் துணிக்கொடிகளையும் பிரித்து, ஊர்ப் பாட்டிமார் பைகளும் உடைகளும் தைத்தார்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்வோம். புட்டியைக் கழுவுவது, பிளாஸ்டிக் உறையை அலசி உலர்த்துவது, காகிதத்தை மடித்துக் கட்டுவது இவையெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் வேலை. வீட்டுவேலை எந்த நாட்டிலும் யார் தலையில் விழுகிறது? குப்பையைச் சுமக்கும் குலத்தை ஒழித்துவிட்டு, அந்தச் சுமையைச் சமையலறைப் பெண்ணின் தோளுக்கு மாற்றிவிட்டால், அதனைச் சீர்திருத்தம் என்று எப்படி அழைப்பது? ஆண்மகன் கையும் நீரில் நனைய வேண்டும். கமிகட்சுவைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

2003ஆம் ஆண்டுக் கோடையில் பால் கானெட் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் அந்த ஊருக்கு வந்தார். குப்பையை எரிப்பதை எதிர்த்து உலகெங்கும் பேசி வந்தவர் அவர். அவ்வாண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஊர்மன்றம் ஒரு சூளுரை செய்தது. 2020ஆம் ஆண்டுக்குள் எரிப்பதையும் புதைப்பதையும் ஒழிக்கப் பாடுபடுவோம். உலகமெங்கும் இதற்குத் தோழர்களைத் தேடுவோம் என்று! ஊராட்சித் தலைவராக அப்போது இருந்தவர் கசமட்சு கசுயிச்சி. ஜப்பானில் இப்படிச் சூளுரைத்த முதல் ஊர் அதுவே. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரம் 1996இலேயே, 2010க்குள் கழிவே இல்லாத நகராவோம் என்று கூறியிருந்தது; அந்தக் குறியை அது எட்டவில்லை.

கமிகட்சு எட்டியதா? 2020 வந்தது. 80ஐத் தொட்டது, 100ஐத் தொடவில்லை. வெற்றி என்று முழங்குவோரும் உண்டு, தோல்வி என்று உதட்டைப் பிதுக்குவோரும் உண்டு. நாமோ எஞ்சிய 20 பங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறோம். அந்த நிலையத்தில் ஒரு வகைக்கு இட்ட பெயரே ‘எப்படிப் பார்த்தாலும் எரித்தே தீரவேண்டியவை’ என்பது. அதில் விழுபவை எவை? ஒருமுறை கட்டி எறியும் அணையாடை. பெண்களின் மாதவிடாய்ப் பஞ்சு. தோலும் ரப்பரும் பசையும் பிரிக்கமுடியாமல் ஒட்டிய காலணி. பல பொருள்களைக் கலந்து செய்த உறைகள். இவற்றைப் பிரிக்காதது எழுபது வயதுக் கிழவியின் சோம்பலா? அவள் கழுவினாள், அலசினாள், உலர்த்தினாள், பிரித்தாள். பிரிக்கவே முடியாதபடி செய்து விற்றவன் அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு நகரத்தில் இலாபக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். 1995இல் இயற்றிய அந்தப் பொட்டலச் சட்டத்தின்படியும், சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் ஆகும் செலவை ஊராட்சி ஏற்க வேண்டும். மறுபொருளாக்கும் செலவு மட்டுமே உற்பத்தியாளர் பங்கு. ஊரார் சிக்கனத்தால் 80 வரை ஏறலாம். அதற்குமேல் ஏறவேண்டிய படி ஆலை முதலாளியின் வாசலில் இருக்கிறது. கிழவியைப் பாராட்டி விருந்து வைப்பது எளிது, முதலாளியிடம் போய், “பிரிக்கக் கூடியதாய்ச் செய், இல்லையேல் உன் பொருளை நீயே திரும்ப எடு” என்று சொல்வதற்குத்தான் அரசுகளுக்கு நா எழுவதில்லை.

2020இல் பழைய நிலையம் இருந்த இடத்தில் புதிய நிலையம் எழுந்தது. ஊரார் கொடுத்த சுமார் 700 பழைய சன்னல்களைச் சுவராக அடுக்கிக் கட்டிய கட்டடம். மேலிருந்து பார்த்தால் அது கேள்விக்குறி வடிவில் தெரியும். ஏன் வாங்கினாய், ஏன் எறிகிறாய், ஏன் இப்படிச் செய்து விற்றாய் என்று கேட்கிறதாம். அவ்வாண்டே 2030ஐக் குறியாக வைத்து மறுபடி சூளுரைத்தனர்.

இவ்வளவும் கேட்ட பிறகு நம் நாட்டை நோக்கினால் நெஞ்சு கனக்கிறது. இங்கேயும் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. குப்பையை வீட்டிலேயே மூவகையாகப் பிரிக்க வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. மனிதக் கழிவை மனிதன் அள்ளக் கூடாதென்று 1993இல் ஒரு சட்டம், போதாதென்று 2013இல் மீண்டும் ஒரு சட்டம். அதன் பின்னும் சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர் மூச்சுத் திணறி மாண்ட செய்திகளை நாளேடுகள் வெளியிட்டன. மாண்டவர் எந்தத் தெருக்காரர் என்பதை எவரும் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. சென்னையின் குப்பை கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாய் எழுந்தது. கோட்டோ வட்டாரத்தார்போல், “உன் குப்பையை உன் வாசலில் வை” என்று லாரியை மறித்து நிற்க அங்குள்ள ஏழை மக்களுக்கு எவர் துணை நின்றார்கள்?

சட்டம் ஏன் தோற்கிறது? பிரிப்பது கடினம் என்பதாலா? அரிசியில் கல்லையும் உளுந்தில் தூசியையும் பிரிக்கத் தெரிந்த வீடுகள் இவை. இன்ன பாத்திரம் இன்னாருக்கு, இன்ன கிணறு இன்னாருக்கு, இன்ன சுடுகாடு இன்னாருக்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் வகை பிரித்து வாழ்ந்த நாட்டுக்குக் குப்பையை மூன்றாகப் பிரிக்கவா தெரியாது! பிரிக்கும் வேலைக்கென்று பிறந்தவன் ஒருவன் வெளியே இருக்கிறான் என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. அதுதான் கையைத் தடுக்கிறது.

நாம் பணிபுரிந்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஜப்பானியப் பள்ளிகளில் மாணவரே முறைவைத்து வகுப்பறையைப் பெருக்குகிறார்கள், துடைக்கிறார்கள் என்று ஒருநாள் பாடத்தினிடையே கூறினோம். மறுவாரம் நம் வகுப்பிலும் முறை வைத்தோம். மூன்றாம் நாள் ஒரு தந்தையார் சினத்தோடு வந்தார். “பையனைப் படிக்க அனுப்பினோமா, பெருக்க அனுப்பினோமா?” என்றார். நாம் ஒன்றும் பேசவில்லை. அதுவரை அந்த வகுப்பறையைப் பெருக்கி வந்தது யார் என்று அவர் மகனையே சொல்லச் சொன்னோம். பையன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பெயர்களைச் சொன்னான். இருவரும் அதே வகுப்பு மாணவர்கள். ஒரே தெருப் பிள்ளைகள். எத்தனையோ ஆண்டாக, எந்த ஆணையும் இன்றி, எந்த ஆசிரியரும் வாய்விட்டுச் சொல்லாமலே, விளக்குமாறு அந்தத் தெருப் பிள்ளைகளின் கைக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அவர்களும் படிக்கத்தான் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் தந்தையர் ஒருநாளும் சினந்து வந்ததில்லை.

தந்தையார் போய்விட்டார். ஒப்புக்கொண்டு போனாரா, வேறெங்கோ முறையிடப் போனாரா, அப்போது தெரியவில்லை. முறையிடத்தான் போயிருக்கிறார் என்பது மறுநாள் தலைமையாசிரியர் அழைத்தபோது தெரிந்தது. முறையை நிறுத்திவிடலாமே என்றார். நிறுத்துவதானால் இனி அந்த இரு பிள்ளைகளும் பெருக்கமாட்டார்கள், கூலிக்கு ஆள் வையுங்கள் என்றோம். கூலிக்குப் பணமில்லை. முறை நீடித்தது.

அன்று மாலை, சுவரில் ஒட்டிய அட்டவணையின்முன் நின்றுகொண்டிருந்த சிறுவன் ஒருவன் திரும்பிக் கேட்டான். “ஐயா, ஜப்பானில் வாத்தியாரும் பெருக்குவாரா?”

பெருக்குவார் என்றோம். அட்டவணையில் வியாழக்கிழமைக்கு நேரே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. சாக்குக்கட்டியை எடுத்து அதில் நம் பெயரை எழுதினோம்.